நிலைநிற்கும் விசுவாசம்

விசுவாசத்தில் கடைசிவரை நிலைத்திருப்பது எப்படி என்னும் கேள்வி, புதிதாக மனந்திரும்பியவர்களைவிட நெடுங்காலம் சபையில் இருந்தவர்களையே அதிகமாக வாட்டுகிறது. ஞானஸ்நானம் பெற்ற நாளின் உவகையும், முதன்முதல் திருவிருந்துக்குப் போன நாளின் நடுக்கமும் மங்கிப்போய், பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன், தீராத வியாதி, கேட்டும் கிடைக்காத வேண்டுதல் என்று வாழ்நாள் நீண்டு செல்லும்போது, ஒருவர் ஆலயத்தில் தமக்குரிய இடத்தில் உட்கார்ந்தபடியே உள்ளத்தால் வெகுதூரம் போய்விடக்கூடும் என்பதைப் போதகர்கள் நன்கு அறிவார்கள். அப்படிப்பட்டவர் தனித்து வந்து, "ஐயா, முன்னைப்போல ஜெபிக்க முடியவில்லை, விசுவாசம் குறைந்துபோயிற்று, இனி எப்படித் தாங்குவேன்?" என்று கேட்கும்போது, "திடமாயிருங்கள், விட்டுவிடாதீர்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புவதில் பயனில்லை, திடம் இல்லை என்பதுதானே அவர் கொண்டுவந்த முறையீடு!

இதற்குக் கிறிஸ்தவ வேதம் கூறும் விடை, உலக வழக்கத்துக்குச் சற்று மாறானது. விடாமுயற்சி என்று நாம் பொதுவாகப் போற்றுவது மனிதனுடைய சித்தத்தின் வலிமையை. எடுத்த காரியத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டாவது முடிக்கும் வைராக்கியத்தை. அந்த வைராக்கியம் மதிக்கத்தக்கதே என்றாலும், வேதம் சுட்டும் நிலைநிற்றல் அதை அஸ்திவாரமாகக் கொண்டதன்று. தம்மை மறுதலிக்கப்போகும் பேதுருவிடம் இயேசு, அவனுடைய மன உறுதியைப் புகழவும் இல்லை, இன்னும் உறுதியாயிரு என்று எச்சரித்ததோடு நின்றுவிடவும் இல்லை. அவனுடைய விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்குத் தாமே அவனுக்காக வேண்டிக்கொண்டதாகச் சொன்னார் என்று லூக்கா எழுதிவைத்திருக்கிறார். அன்றிரவே பேதுரு மும்முறை மறுதலித்தான். சிறையானாலும் மரணமானாலும் உடன்வருவேன் என்று சொல்லிக்கொண்ட அவனுடைய வீரம், சேவல் கூவுமுன்னரே ஒழிந்தது. ஆயினும் விசுவாசம் ஒழியவில்லை, ஏனெனில் அதைத் தாங்கிப் பிடித்திருந்தது அவனுடைய கை அன்று.

வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரத்து ஆயராக இருந்த அகஸ்தீன், 430-இல் மரிப்பதற்குச் சற்று முன்னர், தளர்ந்த முதுமையில், இந்த ஒரு பொருளைப் பற்றியே தனி நூல் ஒன்று எழுதினார். இறுதிவரை நிலைநிற்பது மனிதன் தேடிக்கொள்ளும் சம்பாத்தியமன்று, தேவன் அருளும் ஈவு. ஆகையால் அதை அன்றாடம் கேட்டுப் பெறவேண்டும் என்பது அந்நூலின் சாரம். பிற்காலத்தில் கால்வினைப் பின்பற்றினோரும் வெஸ்லியைப் பின்பற்றினோரும், மெய்யான விசுவாசி ஒருவன் முற்றாக விழுந்துபோகக் கூடுமா, கூடாதா என்று நெடிய வாதம் நடத்தினார்கள். அந்த வாதத்துக்குள் நாம் இப்போது நுழைய வேண்டியதில்லை. கேட்டுப் பெறவேண்டியது என்பதில் இரு சாராரும் ஒன்றே.

இதைச் சித்தாந்தமாக விளக்கிக்கொண்டே போவதைக் காட்டிலும் ஒரு மனிதருடைய வாழ்க்கையில் வைத்துக் காண்பது எளிது. நம் மண்ணிலேயே அடக்கமாகியிருக்கும் பார்த்தொலொமேயு சீகன்பால்கு ஐயரை நான் அதற்காகத் தெரிந்துகொள்கிறேன். அவரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் தமிழ் அச்சுக் கலைக்கு அவர் ஆற்றிய தொண்டைப் பாராட்டுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தத் தொண்டுக்கு அடியில் ஓடிய ஊற்றைப் பற்றி நாம் போதிய அளவு சிந்தித்ததில்லை என்பது என் கருத்து.

சாக்சனி நாட்டில் புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரில், 1682-இல், தானிய வியாபாரி ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், சிறு வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். தாய் மரணப் படுக்கையில் பிள்ளைகளை அருகழைத்து, அவர்களுக்கென்று ஒரு பெரும் பொக்கிஷத்தைத் தாம் சேர்த்துவைத்திருப்பதாகவும், அதை வேதபுத்தகத்தில் தேடினால் காணலாம் என்றும் கூறிச் சென்றதாக அவருடைய வரலாற்றை எழுதினோர் சொல்வார்கள். இளமை முழுவதிலும் சரீர சுகம் குன்றியவராகவும், அடிக்கடி மனச்சோர்வுக்கு இரையாகிறவராகவும் இருந்தார். வியாதியினால் படிப்பு இடையிடையே தடைப்பட்டது. டென்மார்க்கு அரசர் நான்காம் பிரெடெரிக், இந்தியாவில் தமக்குட்பட்ட பகுதிக்குச் சுவிசேஷப் பணியாளரை அனுப்ப ஆள் தேடியபோது, இவர் தம் பலவீனத்தை எடுத்துச் சொல்லி விலகிக்கொள்ளவே முதலில் பார்த்தார். வைராக்கியசாலி என்றவுடன் நம் கற்பனையில் எழும் உருவத்துக்கும் இந்த நோயாளி இளைஞருக்கும் வெகுதூரம்.

ஆனால் ஹாலே நகரில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே. 1695-இல், தம் வீட்டு உண்டியலில் யாரோ போட்டுச் சென்றிருந்த 4 தாலரையும் 16 குரோஷனையும் மூலதனமாகக் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய பிராங்கே, அதன் தொடர்ச்சியாக அநாதை இல்லமும் பல பள்ளிகளும் அச்சகமும் மருந்துச்சாலையும் கொண்ட ஒரு பெரிய ஸ்தாபனத்தையே எழுப்பினார். நாளைய செலவுக்கு இன்று கையில் காசில்லை என்ற நிலையிலும் ஜெபித்துவிட்டு வேலையைத் தொடர்வதே அங்கே பழக்கம். விசுவாசம் அந்த இடத்தில் உணர்ச்சிப் பெருக்கோடு முடிந்துவிடவில்லை. அடுப்பு மூட்டுவது, கணக்கு எழுதுவது, பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது ஆகிய காரியங்களில் இறங்கி நடமாடியது. இதைக் கண்ணாரக் கண்டு வளர்ந்தவர் சீகன்பால்கு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான், அவருடைய பிற்கால நடத்தை நமக்கு விளங்கும்.

1705 நவம்பரில் ஹென்றிக் புளுச்சோ என்னும் தோழரோடு சோபியா ஹெட்விக் என்ற கப்பலில் புறப்பட்டு, 1706 ஜூலை 9-ஆம் தேதி அவர் தரங்கம்பாடியை அடைந்தார். அங்கே டேனியர் 1620-இல் எழுப்பிய டான்ஸ்பர்க் கோட்டையில் அதிகாரம் செலுத்தி வந்தவர் ஹாசியுஸ். வியாபாரத்துக்கு வந்த கம்பெனியாருக்கு, உபதேசிக்க வந்த இவ்விருவரின் வரவு சிறிதும் பிடிக்கவில்லை. அரசரின் நியமனத்தோடு வந்தவர்களுக்கு வரவேற்பு இல்லை, தங்க இடமில்லை. பகற்பொழுதெல்லாம் காத்திருந்த பின்பு தெருவில் விடப்பட்டார்கள். ஏழு மாதத்துக்கு மேல் கடலில் கழித்து வந்த ஒருவருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

அதன் பிறகு அவர்கள் செய்ததுதான் என் நெஞ்சை மிகவும் கவர்வது. முதிய தமிழ் உபாத்தியாயர் ஒருவரை அணுகி, அவருடைய பள்ளிக்கூடத்தையே தாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கு வரவழைத்துக்கொண்டு, சிறு பிள்ளைகளின் நடுவே தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்துக்களை எழுதிப் பழகினார்கள். உபாத்தியாயருக்கோ ஐரோப்பிய மொழி எதுவும் வராது. எழுத்து கைக்கு வந்ததே தவிரச் சொல்லின் பொருள் பிடிபடவில்லை. பிறகு, போர்த்துகீசியம் முதலிய மொழிகளை அறிந்த அழகப்பன் என்பவரைத் துபாஷியாக அமர்த்திக்கொண்டார்கள். சீகன்பால்கு தம் அன்றாட ஒழுங்கைப் பற்றி ஊருக்கு எழுதிய கடிதம், இந்தப் பிரயாசை எத்தகையது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது. காலையில், முன்பு கற்ற சொற்களை மறுபடியும் மனப்பாடம் பார்ப்பார். அப்புறம் நண்பகல் வரையில், புலவர் ஒருவரை அருகிருத்திக்கொண்டு, தாம் அதுவரை படித்திராத தமிழ் நூல்களைப் படிப்பார். புதிய சொல்லோ வழக்கோ வந்தால் பக்கத்தில் இருக்கும் எழுத்தர் உடனே குறித்துக்கொள்வார். கண் ஓய்ந்துபோகும் வேளையில், இன்னொருவர் படிக்கத் தாம் கேட்டுக்கொண்டிருப்பார். நாள்தோறும் இப்படியே. 1708-க்குள் அவர் சேர்த்த தமிழ் ஏடுகளின் விவரப் பட்டியல் 100-க்கு மேற்பட்ட நூல்களைக் கொண்டிருந்தது. கொன்றை வேந்தனையும் உலகநீதியையும் நீதிவெண்பாவையும் அவர் ஜெர்மன் மொழியில் பெயர்த்திருந்தார்.

விசுவாசத்தைப் பற்றிய கட்டுரையில் மொழி கற்ற கதைக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். எனக்கோ இதுவே விஷயத்தின் இருதயமாகத் தோன்றுகிறது. பலன் தன் கையில் இருக்கிறது என்று எண்ணுகிறவனை அவசரம் பிடித்துக்கொள்கிறது. இந்த மாதம் எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்குப் பார்க்கிறான். கணக்குச் சரிவராதபோது சோர்ந்து விழுகிறான். பலன் வேறொருவருடையது என்று மெய்யாகவே நம்புகிறவனுக்கோ அன்றைய நாளுக்குரிய எழுத்தை அன்றைக்கு எழுதினால் போதும். பந்தற்காலைச் சுற்றிக்கொண்ட கொடி தன் தண்டின் பலத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை அல்லவா? விசுவாசம் மனிதனைச் சோம்பலாக்கிவிடும் என்று அஞ்சுகிறவர்கள், அந்த மணல் பரப்பிய தரையில் உட்கார்ந்திருந்தவரின் உழைப்பைச் சற்றே எண்ணிப்பார்க்க வேண்டும்.

சோதனைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. பணிக்கென்று ஐரோப்பாவிலிருந்து அனுப்பப்பட்ட பணம், கரையிறக்கும்போது படகு கவிழ்ந்து கடலோடு போயிற்று. 1708 அக்டோபர் 17-ஆம் தேதி புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கினார். அடுத்த மாதமே, காலமான கணவன் பட்ட கடன் பற்றிய ஓர் ஏழைக் கைம்பெண்ணின் வழக்கில் அவர் குறுக்கிட்டதிலிருந்து எழுந்த தகராறு முற்றி, ஹாசியுஸ் அவரைக் கைதுசெய்து கோட்டைக்குள் அடைத்துவைத்தார். ஏறத்தாழ நான்கு மாதம், 1709 மார்ச்சு வரையில், சிறைவாசம். தொடக்கத்தில் எழுதுகோலும் மையும்கூட மறுக்கப்பட்டன. பின்னர் அவை கிடைத்தபோது, தம் வழக்குக்கு நியாயம் தேடும் மனுக்களோடு நிறுத்திக்கொள்ளாமல், தேவனுக்குப் பிரியமான போதக ஊழியத்தைப் பற்றி ஒரு நூலும், தேவனுக்குப் பிரியமான கிறிஸ்தவ வாழ்வைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். தொடங்கி ஒரு மாதமே ஆன மொழிபெயர்ப்பு வெளியே காத்திருக்க, உள்ளே அடைபட்ட மனிதர் உட்கார்ந்து எழுதுவதற்குத் தெரிந்தெடுத்த பொருள், ஒரு சாதாரணக் கிறிஸ்தவன் எப்படி வாழவேண்டும் என்பது! விடுதலையானபின் மொழிபெயர்ப்பைத் தொடர்ந்து 1711 மார்ச்சு 31-இல் முடித்தார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். சீகன்பால்கு சாந்த சொரூபி அல்லர். முன்கோபமும் பிடிவாதமும் அவரிடத்தில் இருந்தன. அதிகாரிகளோடு நேர்ந்த மோதல்களில் சிலவற்றை இன்னும் சற்று நிதானம் இருந்தால் தவிர்த்திருக்கலாம். 1709-இல் உதவிக்கு வந்த உடனூழியர்களில் ஒருவரான பேவிங்கோடு அவருக்கு ஒத்துப்போகவும் இல்லை. நான் இதைக் குறையாகச் சொல்லவரவில்லை. நிலைநிற்றல் என்பது குற்றமற்ற மனிதர்களுக்கு மட்டும் உரிய பாக்கியமாக இருந்தால், நம்மில் யாருக்கு அதில் பங்கு கிடைக்கும்? விழுந்தும் எழுந்தும், சண்டையிட்டும் சமாதானமாகியும், நேற்றைய தவற்றுக்கு இன்று மன்னிப்புக் கேட்டும் நடந்துபோவதே விசுவாசியின் பாதை. தாவீதின் பாவத்தையும் பேதுருவின் மறுதலிப்பையும் மூடிவைக்காத வேதம், இந்த ஓர் அம்சத்தில் நம்மீது மிகுந்த இரக்கம் காட்டியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இனி அச்சு வேலையின் கதை. கிறிஸ்து மார்க்க அறிவைப் பரப்புவதற்காக லண்டனில் ஏற்பட்டிருந்த சங்கத்தார், தரங்கம்பாடிக்கென்று ஓர் அச்சியந்திரத்தையும், அதை இயக்க யோனாஸ் பிங்க் என்பவரையும் 1711-இல் கப்பலேற்றினார்கள். கப்பல் பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனீரோவில் நின்றபோது, அத்துறையைத் தாக்கிய பிரெஞ்சுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பொருள் கொடுத்து மீட்கப்பட்டு மறுபடியும் பயணம் தொடர்ந்தபோது, பிங்க் நன்னம்பிக்கை முனையை அண்டி நோயினால் இறந்துபோனார். அச்சியந்திரம் வந்து சேர்ந்தது; அதை ஓட்டத் தெரிந்தவர் வரவில்லை. கோட்டைச் சிப்பாய்களிடையே அச்சுத் தொழில் பழகிய ஒருவர் இருப்பது தெரியவந்து, அவரைக் கொண்டு வேலையைத் தொடங்கினார்கள். ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துக்கள் 1713-இல் வந்தன. அவை அளவில் பெரியவை, காகிதத்தை விழுங்கின. காகிதமோ கப்பலில் வரவேண்டிய அரும்பொருள். ஆகவே, இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளைப் பொதிந்திருந்த ஈயத் தகடுகளை உருக்கி, சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்த்துக்கொண்டார்கள்; காகிதத்துக்கென்று அருகிலிருந்த பொறையாற்றில் ஓர் ஆலையும் ஏற்பட்டது. 1714-இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி வெளிவந்தன. இந்திய மொழிகளுள் முதன்முதல் அச்சேறிய புதிய ஏற்பாடு அதுவே.

அந்த நூல் முற்றுப்பெற்ற வேளையில் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இல்லை. பணிக்கு ஆதரவு தேடி 1714 அக்டோபரில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறிவிட்டார். கடைசிப் பகுதிகளை அச்சிட்டு முடித்தவர் அவருடைய தோழர் கிருண்ட்லர். மலையப்பன் என்னும் தமிழ் இளைஞரைக் கூட்டிச் சென்ற சீகன்பால்கு, கப்பலிலேயே பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பையும் தமிழ் இலக்கண வேலையையும் தொடர்ந்தார். இலக்கணம் 1716-இல் ஹாலேயில் அச்சாயிற்று.

கிருண்ட்லரின் பெயரைச் சற்றே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தனி மனிதனாக எவனும் விசுவாசத்தில் நிலைநிற்பதில்லை. சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது என்று எபிரெயருக்கு எழுதின நிருபம் வற்புறுத்துவதை, ஒழுங்கைக் காப்பதற்கான சட்டம் என்று மட்டும் நாம் எடுத்துக்கொள்கிறோம். அது ஜீவாதாரமான ஏற்பாடு. ஒருவர் ஜெபிக்க முடியாத நாளில் மற்றவர் ஜெபிக்கிறார். ஒருவர் கடலில் இருக்கும்போது மற்றவர் அச்சுப்பிழை திருத்துகிறார். புளுச்சோ 1711-இல் தாயகம் திரும்பி, பின்பு அங்கே ஒரு சபையின் குருவாகப் பணியாற்றினார். அவரை இடையில் விட்டுப்போனவர் என்று யாரும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. ஒரே ஊரில் இருந்தே தீருவதன்று நிலைநிற்றல்; பவுல் தமக்குத் துணையாயிருந்த தேமா தம்மை விட்டுப் போனான் என்று வருந்தி எழுதியது அவன் ஊர் மாறியதற்காக அன்று, இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்ததற்காக.

பகைவர் தந்த துன்பத்தைக் காட்டிலும் தம்முடையவர்கள் தரும் துன்பம் கடினமானது. 1716-இல் திரும்பி வந்த சீகன்பால்கு, 1717-இல் புதிய எருசலேம் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டி, 1718 அக்டோபர் 11-இல் அதைப் பிரதிஷ்டை செய்தார். முகப்பில் பிரெடெரிக் அரசரின் முத்திரையெழுத்தோடு அவ்வாலயம் இன்றும் நிற்கிறது. ஆனால் அதே காலத்தில், கோபன்ஹேகனில் இருந்த மிஷன் சங்கத்தின் காரியதரிசி வெண்ட், ஆலயமும் பள்ளியும் கட்டிக்கொண்டிருப்பது சுவிசேஷ ஊழியமாகாது, அப்போஸ்தலரைப்போல ஒன்றும் இல்லாமல் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கிப்பதே ஊழியம் என்று கொள்கை பேசி, பணவுதவியைச் சுருக்கினார்; கடுமையான கண்டனக் கடிதங்களும் வந்தன. பள்ளியில் இருந்த பிள்ளைகளுக்கு நாளை யார் சோறு போடுவது என்ற கேள்வி வெண்டுக்கு எழவில்லை போலும். ஹாசியுஸின் சிறையைத் தாங்கிய மனிதரை இது முறித்தது. ஏற்கெனவே நலிந்திருந்த உடல் தேறவில்லை. 1719 பிப்ரவரி 23-ஆம் தேதி, தம் 36-ஆம் வயதில், தரங்கம்பாடியிலேயே உயிர் நீத்தார். இயேசுவே தன் நம்பிக்கை என்னும் கருத்தமைந்த ஜெர்மன் ஞானப்பாட்டை இசைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே அவர் மரித்ததாகச் சொல்லப்படுகிறது.

இப்போது நாம் நேர்மையாகக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த மனிதர் எதை நம்பி நிலைநின்றார்? கேட்டதெல்லாம் கிடைக்கும் என்றா? கேட்டவற்றுள் பல கிடைக்கவில்லை. உழைப்புக்குத் தக்க மதிப்பு உண்டு என்றா? தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியைப் பற்றி 1713-இல் அவர் பாடுபட்டு எழுதி அனுப்பிய நூலை ஹாலேயில் இருந்தவர்கள் விரும்பவில்லை. அது சென்னையில் அச்சேற 1867 வரை காத்திருந்தது. தம் ஊழியம் தழைப்பதைக் கண்டா? பழைய ஏற்பாட்டில் அவருடைய மொழிபெயர்ப்பு ரூத்தின் புத்தகத்தோடு நின்றுபோயிற்று. சங்கீதம் இல்லை, ஏசாயா இல்லை. இந்த நிலையிலும் ஒருவர் கைவிடாமல் இருந்தார் என்றால், அவர் பற்றியிருந்தது பலனை அன்று, பலனைத் தருகிறவரையே என்று சொல்வதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

எபிரெயருக்கு எழுதின நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்தை ஆலயங்களில் படிக்கும்போது, ஆபிரகாம், மோசே முதலியோரின் வெற்றிகளைக் கேட்டு நாம் மகிழ்கிறோம். அவ்வளவு பேரும் வாக்குத்தத்தத்தின் நிறைவைக் கையில் பெறாமலே, தூரத்தில் கண்டு நம்பி மரித்தார்கள் என்று அதே அதிகாரம் சொல்வதை வேகமாகக் கடந்துவிடுகிறோம். சோர்ந்துபோன விசுவாசிக்கு வேண்டிய மருந்து அந்த வாசகத்தில்தான் இருக்கிறது. கண் முன்னே நிறைவு காணாதது விசுவாசக் குறைவின் அடையாளமன்று. அது விசுவாசிகளின் பொதுவான நிலை. தன் மகன் திருந்தவேண்டுமென்று ஆண்டுக்கணக்கில் கண்ணீரோடு மன்றாடும் ஒரு தாய், இன்று காலையில் ஒன்றும் உணராமல், வறண்ட நாவோடு, அதே வேண்டுதலை மறுபடியும் சொல்லி முடித்தாளானால், தன் விசுவாசம் செத்துப்போயிற்று என்று அவள் அஞ்சவேண்டியதில்லை. உணர்ச்சி இல்லாத இடத்திலும் அவளை முழங்காலில் நிறுத்தியது அதுவேயல்லவா? வேதத்தில் ஒரு பகுதி, பழகிய ஒரு ஜெபம், ஞாயிற்றுக்கிழமை ஆலயம், திருவிருந்து, தன்னைவிடத் துன்பப்படும் ஒருவருக்குச் செய்யும் சிறு உபகாரம்: இவை பெரிய காரியங்களல்ல என்றாலும், தேவன் தம் பிள்ளைகளைத் தாங்குவதற்கு வழக்கமாகக் கையாளுகிற வழிகள் இவைதாம் என்று திருச்சபை நூற்றாண்டுகளாக அறிந்திருக்கிறது. சோர்வு வந்த காலத்தில் முதலில் நாம் கைவிடுவதும் இவற்றையே என்பது வருந்தத்தக்கது.

சீகன்பால்கு அறியாமலே நடந்தவை சில. அவருடைய கடிதங்கள் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு இங்கிலாந்தில் பரவின. 1712-இல், எப்வொர்த் என்னும் கிராமத்துக் குருமனையில் சுசன்னா வெஸ்லி அம்மையார் அவற்றைப் படித்து நெஞ்சுருகி, தம் பிள்ளைகள் ஒவ்வொருவரோடும் வாரத்தில் ஒருநாள் தனித்திருந்து ஆத்தும காரியங்களைப் பேசும் வழக்கத்தை மேற்கொண்டார். அந்தப் பிள்ளைகளுள் ஒருவர், அப்போது 8 வயதுச் சிறுவராயிருந்த ஜான் வெஸ்லி.

கிருண்ட்லரும் 1720 மார்ச்சில் மரித்தார். அவரோடு வேலை செய்ய 1719-இல் வந்திருந்த சூல்ட்சே, நின்றுபோன மொழிபெயர்ப்பை எடுத்துக்கொண்டு, மீதமிருந்த பழைய ஏற்பாட்டை முடித்து அச்சிட்டார். அதிலும் குறைகள் இருந்தன. பப்ரிசியுஸ் என்பவர் பின்னர் வந்து பல ஆண்டு உழைத்து அதைத் திருத்தினார். சீகன்பால்கு தம் இறுதி நோய்க்குச் சில மாதங்களுக்கு முன், 1718-இல், கடலூரைச் சேர்ந்த ஓர் இளைஞருக்கு ஆரோன் என்று பெயரிட்டு ஞானஸ்நானம் கொடுத்திருந்தார். அவர் உபதேசியாராக வேலை செய்து, 1733 டிசம்பர் 28-ஆம் தேதி, தமிழருள் முதல் லுத்தரன் குருவாக அபிஷேகம் பெற்று, மாயூரத்தைச் சுற்றியிருந்த கிராமங்களில் 1745-இல் தாம் மரிக்கும் வரையில் ஊழியம் செய்தார்.